மூன்று நிமிஷ மணல்

"மூச்சை நல்லா உள்ள இழுங்க. அப்படியே புடிச்சுக்கோங்க. அசையக் கூடாது."

பெரியவர் இழுத்தார். பலகையில் நெஞ்சைப் பதித்து, முகவாயைத் தூக்கி, இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரோடோ சண்டைக்குக் கிளம்பியவர் மாதிரி நின்றார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் பொத்தானை அழுத்தினாள். விர்ரென்று ஒரு சத்தம், டப்பென்று ஒரு சத்தம். முடிந்தது. திரையில் விலா எலும்புகள் வெள்ளை வெள்ளையாக எழுந்து வந்தன. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கண் திரையில் இருந்ததே தவிர, பார்வை பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த போன் மேலேயே இருந்தது.

தொம் என்று ஒரு சத்தம் கேட்டது. பெரியவர் பலகையைக் கையால் அடித்திருந்தார். முகம் கறுத்து, கண் இரண்டும் வெளியே வந்துவிடும்போல் இருந்தது. மனிதர் இன்னும் மூச்சை விடவில்லை!

"விடுங்க! ஐயோ, விடுங்க ஐயா!"

புஸ்ஸென்று விட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைத்தார். இரைத்து முடித்ததும்தான் அவருக்குப் பேச்சு வந்தது.

"நீ சொல்லுவே, சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். ஏம்மா, படம் எடுக்கறியா, இல்ல ஆளையே எடுக்கப் பாக்கறியா?"

மன்னிப்புக் கேட்டு, தண்ணீர் கொடுத்து, வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. பதினோரு வருஷமாக ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்கிற வார்த்தை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 'இழுங்க'வுக்குப் பின்னால் 'விடுங்க' வந்து நிற்கும். ஐந்து வாரமாக அது மட்டும் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

போனைத் திருப்பினாள். செய்தி அங்கேயே இருந்தது. கனவு இல்லை.

'நாலு மணிக்கு எல்லாரும் வாங்க. ஆட்டம் பாதியில நிக்குது.'

அனுப்பியவர்: லிஃப்ட்.

லிஃப்ட் செத்து ஐந்து வாரம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒரு மணிக்கே வேலை முடிந்தது. வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவளுக்கு ஒரே எண்ணம்தான். போகாமல் இருந்துவிடலாம். போனை அணைத்து அலமாரியில் போட்டுப் பூட்டிவிடலாம். யார் கேட்கப்போகிறார்கள்? அவள் யார் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. அதுதான் அந்தக் குழுவின் முதல் சட்டமே.

குழுவில் நாலு பேர். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் பற்றி வாய் கிழியப் பேசுகிற ஒரு இணையப் பக்கத்தில் சண்டை போட்டுச் சிநேகமானவர்கள். பெயர் சொல்லக் கூடாது, ஊர் சொல்லக் கூடாது, தொழில் மட்டும் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டார்கள். ஆகவே, கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் வாத்தியார். ரொட்டி சுடுகிறவன் பேக்கரி. இவள் எக்ஸ்ரே. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர் லிஃப்ட். மூன்று வருஷமாக ஞாயிறு நாலு மணி என்றால் வீடியோ அழைப்பில் நாலு முகங்களும் நாலு கட்டங்களில் வந்து உட்கார்ந்துவிடும்.

ஆட்டம் இதுதான். ஒருவர் ஏதாவது ஒரு கதையில் வருகிற பாத்திரத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். மற்ற மூவருக்கும் சேர்த்து இருபது கேள்வி. பதில் ஆமா அல்லது இல்லை. இருபதுக்குள் ஆளைப் பிடிக்க வேண்டும். ஒரு தடவை பேக்கரி, மாட்டிக்கொள்ளப்போகிறோம் என்று தெரிந்ததும் நடுவிலேயே ஆளை மாற்றிவிட்டான். அன்றிலிருந்து, நினைத்த பெயரைக் காகிதத்தில் எழுதி, நாலாய் மடித்து, முதுகுக்குப் பின்னால் சுவரில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டிவிட வேண்டும் என்று வாத்தியார் சட்டம் கொண்டுவந்தார். கேள்வி பதில்களை நோட்டில் எழுதுகிற வேலை எக்ஸ்ரேக்கு.

இன்னொரு சட்டம் லிஃப்ட் கொண்டுவந்தது. சில கேள்விகளுக்கு ஆமா என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

"லிஃப்ட்டு ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சுன்னு வைங்க. அது மேலயும் இல்ல, கீழயும் இல்ல. அதுக்கும் ஒரு பதில் வேணுமில்ல?" என்றார்.

அந்தப் பதிலுக்குப் பெயர் மௌனம். முட்டை வேகவைக்கிறவர்கள் நேரம் பார்க்கிற சின்ன மணல் கடிகாரம் ஒன்று அவர் மேசையில் இருந்தது. மூன்று நிமிஷ மணல். அதைக் கவிழ்த்துவிட்டு, மணல் தீரும்வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். சும்மா இருந்தாலாவது தேவலை. கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி நடிப்பார். சிலை மாதிரி விறைப்பார். ஒரு தடவை நாக்கு தொங்க, செத்தே போன மாதிரி சாய்ந்துகிடந்து, பேக்கரியை அலற வைத்துவிட்டு, கடைசி மணல் விழுந்ததும் எழுந்து சிரித்தார்.

"உன் மணல் தீர்றதுக்குள்ள என் பன்னு கருகிடும்யா" என்று பேக்கரி கத்துவான். அவன் இருந்த நாட்டில் அப்போது விடிகாலை, அடுப்பு எரிகிற நேரம்.

லிஃப்ட்டுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கலாம். முன்நெற்றி ஏறியிருக்கும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர் எட்டிப் பார்க்கும். தொழில் கதை சொல்ல ஆரம்பித்தால் ஆட்டம் நின்றுவிடும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் பொத்தானை அமுக்குவார்கள், பிறகு கதவைத் தட்டுவார்கள், பிறகு அழுவார்கள் என்பார். "மோட்டாரை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல உள்ள இருக்கறவன்கிட்ட பேச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கணும். சாப்ட்டியா, எத்தன புள்ளைங்க, எதையாவது. வெளியில சத்தம் நின்னுச்சுன்னு வைங்க, அவனுக்குக் காத்து இருந்தும் மூச்சு முட்டும்."

அவள் வீட்டுக்கு வந்தபோது அம்மா பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருந்தால் கேட்டிருப்பாள். முன்பெல்லாம், "ஞாயித்துக்கெழமை ஆனா அந்தப் பொட்டி முன்னாடி உக்காந்து யார்கூடடி அப்படிச் சிரிக்கிற?" என்பாள். இப்போது, "என்னடி, சிரிப்புச் சத்தத்தையே காணோம்?" என்கிறாள்.

மேசை இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தாள். ஐந்து வாரமாக எடுக்காத நோட்டு. கடைசிப் பக்கம் அவள் கையெழுத்தில் நிதானமாக ஆரம்பித்திருந்தது.

ஒன்று, பெண்ணா? ஆமா. இரண்டு, கல்யாணம் ஆனவளா? ஆமா. மூன்று, இப்போது புருஷனோடு இருக்கிறாளா? இல்லை. நாலு, வேலைக்குப் போகிறாளா? ஆமா. ஏழு, அவளைச் சுற்றி நிறைய பேர் உண்டா? இல்லை. பத்து, அவளிடம் ரகசியம் உண்டா? ஆமா. பதினொன்று, கதை சொல்கிறவனுக்கு அந்த ரகசியம் தெரியுமா? ஆமா. பதினொன்றாவதுக்குப் பதில் சொல்லும்போது லிஃப்ட் சிரித்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பதினாறு வரைக்கும் யாராலும் ஆளைப் பிடிக்க முடியவில்லை.

பதினேழாவது கேள்வி அவளுடையது. கதை முடியும்போது அவள் தனியாக இருக்கிறாளா?

எதிரே, அவள் கையெழுத்தே இல்லை என்று சொல்லும்படி கோணலாக ஒரு வார்த்தை. மௌனம்.

அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டதும் லிஃப்ட் யோசித்தார். மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அரை நிமிஷம் இருக்கும். கட்டியிருந்த கைகளில் ஒன்று நழுவி மேசைக்குக் கீழே போயிற்று. உதட்டின் ஒரு கோடி, கொக்கி கழன்ற திரைச்சீலை மாதிரி, கீழே இறங்கியது.

"ஆரம்பிச்சுட்டாருய்யா!" என்றான் பேக்கரி. "இன்னிக்கு என்ன வேஷம்? அண்ணே, அந்த வாய்க்கோணல் பிரமாதம். நான் போய் அடுப்பப் பாக்கறேன், அடுத்த வாரம் பாக்கலாம்." அவன் கட்டம் இருண்டது.

வாத்தியார் போனில் பார்க்கிறவர். அதில் நாலு முகமும் தபால்தலை அளவுதான் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அசைவே இல்லையே. நெட்டு போயிடுச்சு போல, படம் நின்னுபோச்சு. சரிம்மா எக்ஸ்ரே, மிச்சம் மூணு கேள்வி அடுத்த வாரம்." அவர் கட்டமும் இருண்டது.

படம் நிற்கவில்லை.

அது அவளுக்குத் தெரியும். லேப்டாப்பின் பெரிய திரையில், லிஃப்ட்டின் முழங்கைக்குப் பக்கத்தில் மணல் விழுந்துகொண்டிருந்தது. மெல்லிய, நேரான, பழுப்பு நூல். நின்றுபோன படத்தில் மணல் விழாது.

ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரில் வருகிற எத்தனை முகங்களைப் பார்த்திருக்கிறாள். ஒரு பக்கம் இறங்கிய உதடு, சொன்ன பேச்சைக் கேட்காத கை. நர்ஸ் வந்து சொல்லும்முன் அவளே பக்கவாதம் என்று சொல்லிவிடுவாள். அன்றைக்கு அவள் எதுவும் சொல்லவில்லை. அவருடைய கண் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேமராவைப் பார்த்தால் அவளைப் பார்க்கிற மாதிரிதான்.

அப்போது ரயில் ஊதியது.

நாலு ஐம்பத்திரண்டு பாசஞ்சர். அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ரயில்வே கேட்டைத் தாண்டும்போது நீளமாக ஊதும். முதலில் அவள் ஜன்னலில் கேட்டது. ஒரு இமைப்பொழுது கழித்து ஹெட்போனில், லிஃப்ட்டின் அறையிலிருந்து, அதே ஊதல்.

அதுதான் அவளுடைய ரகசியம். எட்டு மாதத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாள். முதலில் ஏதோ எதிரொலி என்று நினைத்தாள். அடுத்த வாரம் ஹெட்போனை ஒரு காதிலும், ஜன்னலை ஒரு காதிலும் வைத்துக்கொண்டு காத்திருந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை. ஒரே ரயில், ஒரே கேட். லிஃப்ட் என்கிற அந்த மனிதர் கேட்டுக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ, நடந்தே போய்விடுகிற தூரத்தில் இருந்தார். உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கிறார் என்று நினைத்து அவள் மனம்விட்டுச் சிரித்த ஆள், ஒருவேளை அவள் பால் வாங்குகிற கடையில் பால் வாங்குகிறவர்.

"லிஃப்ட்டு, உன் ரயில் வந்துடுச்சு, ஏறிக்கோ!" என்று பேக்கரி வாராவாரம் கிண்டல் செய்வான். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் மட்டும், நாலு ஐம்பத்தொன்றுக்கே தன் மைக்கை அணைத்திருப்பாள். தன் பக்கத்து ஊதல் அவர் காதுக்குப் போய்விடக் கூடாது. தெரிந்தால், பக்கத்தில்தானே என்பார். பக்கம் என்றால் பெயர் வேண்டும். பெயர் வந்தால் வீடு வரும், வீடு வந்தால் 'ஏன் தனியா வந்துட்டீங்க' வரும். எக்ஸ்ரேயாக இருக்கிறவரை அவளுக்கு முன்கதை கிடையாது. வாரத்தில் ஒரு மணி நேரம் முன்கதை இல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய சொகுசு என்று, அதை இழந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அன்றைக்கும் மைக் அணைந்தே இருந்தது. 'லிஃப்ட்' என்று ஒரு தடவை கூப்பிட்டாள். அது அவள் அறையைத் தாண்டிப் போகவில்லை. நடிக்கிறார் என்று சொல்லிக்கொண்டாள். இப்போது ஓடிப்போய், அங்கே அவர் எழுந்து சிரித்தால், தன் முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்று நினைத்தாள். எந்தத் தெரு என்று தெரியாதே என்றும் நினைத்தாள். அது பொய். லிஃப்ட் மெக்கானிக், தனி ஆள், ரயில்வே கேட்டுப் பக்கம். கேட்டை ஒட்டிய டீக்கடையில் இந்த மூன்றையும் சொல்லியிருந்தால், வாசலிலேயே கொண்டுபோய் விட்டிருப்பார்கள். அது அவளுக்கு இரண்டு நாள் கழித்து உறைத்தது. அன்றைக்கு, மணல் தீர்வதற்கு முன்பே, நோட்டில் மௌனம் என்று எழுதிவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

ஒன்பது நாள் கழித்துக் குழுவில் ஒரு வரி வந்தது. 'இந்தக் கணக்கை வைத்திருந்தவர் பக்கவாதம் வந்து போன செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார்.'

மணி நாலு. அவள் கை தானாகவே போய் லேப்டாப்பில் 'சேர்' பொத்தானைத் தொட்டது. கட்டங்கள் திறந்தன.

வாத்தியார் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், துக்கம் கேட்க வந்தவர் மாதிரி. பேக்கரி மாவு ஒட்டிய தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். நாலாவது கட்டம் கறுப்பாகவே இருந்தது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது நிமிஷம் அப்படியே போயிற்று.

"யாரோ விளையாடறாங்கய்யா" என்றான் பேக்கரி மெதுவாக. "நான் போறேன். அடுப்பப் பாக்கணும்."

"இருப்பா" என்றார் வாத்தியார்.

அப்போது நாலாவது கட்டம் வெளிச்சமாயிற்று.

அதே அறை, அதே நாற்காலி. சுவரில் அதே காகிதம், நாலாய் மடித்தபடி. ஒட்டிய டேப்பின் ஒரு முனை மட்டும் பிரிந்து நின்றது. நாற்காலியில் ஒரு பெண்மணி இருந்தாள். ஐம்பது வயதிருக்கும். லிஃப்ட்டின் அதே ஏறு நெற்றி. அதைப் பார்த்ததும் பேக்கரி ஒரு சத்தம் போட்டான், வாயைப் பொத்திக்கொண்டான்.

"மன்னிச்சுக்கோங்க" என்றாள் அந்தப் பெண்மணி. "இதத் திறக்கத் தெரியாம இவ்வளவு நேரம் போராடினேன். நான் அவனோட அக்கா."

வாத்தியார் இரண்டு கைகளையும் கூப்பினார். "எங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியலம்மா."

"ஒண்ணும் சொல்ல வேணாம். செய்தியை அந்த மாதிரி அனுப்பியிருக்கக் கூடாது. அவன் எப்பவும் உங்களக் கூப்புடற மாதிரியே கூப்புட்டாத்தான் வருவீங்கன்னு நெனச்சேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டக் காலி பண்ணணும். எல்லாத்தையும் எடுத்துட்டேன். இந்தச் சுவத்துப் பக்கம் மட்டும் கை போகல. இந்தக் காயிதத்த நான் பிரிக்கல. ஆட்டம் முடியாம பிரிக்கக் கூடாதாமே?"

"ஆமாக்கா" என்றான் பேக்கரி. அவன் குரல் உடைந்திருந்தது.

"அவன் எனக்கும் இந்த ஆட்டத்தச் சொல்லிக் குடுத்தான். நான் மூணாவது கேள்வியிலயே கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுடுவேன்." லேசாகச் சிரித்தாள், உடனே நிறுத்திக்கொண்டாள். கேள்விகளை எண்ணித் தம்பி கோடு போட்டிருந்த ஒரு துண்டுக் காகிதத்தைக் கேமராவுக்கு முன்னால் காட்டினாள். பென்சில் கோடுகள். ஐந்து ஐந்தாகக் கட்டி, கடைசியில் இரண்டு. "பதினேழு இருக்கு. மூணு மிச்சம். அந்த மூணையும் நான் கேக்கறேன். உங்ககிட்ட. ஆமா, இல்ல. அவ்வளவுதான். கதை சொல்லக் கூடாது. எனக்குத் தாங்காது."

யாரும் மறுக்கவில்லை. எக்ஸ்ரே நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"பதினெட்டு. அன்னிக்கு அவன் சிரிச்சானா?"

"ஆமா" என்றார் வாத்தியார்.

"ஆமாக்கா. ரொம்ப."

"ஆமா" என்றாள் எக்ஸ்ரே. அது மட்டும் சுலபமாக வந்தது.

அக்கா ஒரு கோடு போட்டாள். பென்சில் முனை காகிதத்தில் உரசுகிற சத்தம்கூடக் கேட்டது.

"நான் அன்னிக்கு நாலு மணிக்கு இங்க வரேன்னு சொல்லியிருந்தேன். துணி மடிச்சுக்கிட்டே கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா ஆறு. இனிமே என்னத்துக்கு, காலையில போயிக்கலாம்னு இருந்துட்டேன். மனசு கேக்காம எட்டரைக்கு வந்தேன். இதே நாக்காலிலதான் இருந்தான். ஒரு மூணு மணி நேரத்துக்குள்ள கொண்டுவந்திருந்தா ஆளு இருந்திருப்பாருன்னு டாக்டர் சொன்னாரு. எப்ப முடியாமப் போச்சுன்னு யாருக்கும் தெரியல." நிறுத்தினாள். "பத்தொன்பது. அவனுக்கு முடியாம போனப்ப நீங்க லைன்ல இருந்தீங்களா?"

"படம் நின்னுபோச்சும்மா. நெட்டுதான் போயிடுச்சுன்னு..."

"ஆமா, இல்ல மட்டும் சொல்லுங்க சார்."

வாத்தியார் திருத்திக்கொண்டார். "இல்ல." அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

"இல்லக்கா" என்றான் பேக்கரி. அவனும் நம்பினான். அந்த வாய்க்கோணலை அவன் வேஷம் என்றே நம்பிக்கொண்டிருந்தான், அல்லது அப்படி நம்பியே தீர வேண்டியிருந்தது.

மூன்று முகங்களும் அவளைப் பார்த்தன.

"இல்ல" என்ற சத்தம் கேட்டது. யார் சொன்னது என்று ஒரு நொடி அவளுக்கே புரியவில்லை.

அக்கா மெதுவாகத் தலையை ஆட்டினாள். கோடு போட்டாள். முகத்தில் நிம்மதி வரும் என்று எக்ஸ்ரே எதிர்பார்த்தாள். வந்தது வேறு. வாசலில் நின்றுகொண்டிருந்தவள் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்ட மாதிரி ஆயிற்று அந்த முகம்.

"சரி. அப்ப எல்லாம் நீங்க போனதுக்கப்புறம்தான். நான் தூங்கி முழிச்சு, போலாமா வேணாமான்னு உக்காந்திருந்தப்ப." தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். "தெரிஞ்சுக்கத்தான் கூப்புட்டேன். தெரிஞ்சுபோச்சு."

எக்ஸ்ரே வாயைத் திறந்தாள். அறையிலிருந்த காற்று முழுவதும் உள்ளே போயிற்று.

"கடைசிக் கேள்வி" என்றாள் அக்கா. "இது சும்மா, அவனுக்காகக் கேக்கறது. அவன் ஒண்ணு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். 'அக்கா, எங்க நாலு பேருல ஒரு ஆளு நம்ம ரயில் சத்தம் கேக்கற தூரத்துலதான் இருக்கு'ன்னு. எப்படிடா தெரியும்னா, 'நம்ம பாசஞ்சர் வர்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி ஒரு மைக் மட்டும் வாராவாரம் அணையுது'ம்பான். யாருடா அதுன்னு கேட்டேன். சொல்ல மாட்டேன்னுட்டான். 'அதுவா வந்து சொல்லட்டும், அதுவரைக்கும் நான் தெரியாத மாதிரியே இருந்துக்கறேன்'னான்."

பதினொன்று, கதை சொல்கிறவனுக்கு அந்த ரகசியம் தெரியுமா? ஆமா. நோட்டில் அந்த வரி இருந்த இடம் சுட்டது. ஒருவேளை அவளைத்தான் நினைத்துக்கொண்டு பதில் சொன்னாரோ. தெரிந்துதான் சிரித்திருக்கிறார். தெரிந்துதான், உதடு இறங்கி, கை நழுவி, ஒரு வார்த்தை வராமல் கேமராவைப் பார்த்தபடி இருந்திருக்கிறார். கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி இருக்கிறாள், பார்த்துக்கொண்டிருக்கிறாள், இதோ எழுந்து வருவாள் என்று.

"அது நெசமா? உங்கள்ல யாராவது பக்கத்துல இருக்கீங்களா?" அக்கா குனிந்து, மேசையிலிருந்து எதையோ எடுத்தாள். மணல் கடிகாரம். "பதில் சொல்ல முடியலன்னா இதக் கவுத்து வைக்கணுமாமே." கவிழ்த்து வைத்தாள்.

மணல் இறங்க ஆரம்பித்தது.

"இல்லம்மா" என்றார் வாத்தியார். "நான் கடல் தாண்டி இருக்கேன்."

"இல்லக்கா. இங்க இன்னும் விடியவே இல்ல."

திரையின் மூலையில் நாலு ஐம்பது என்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐம்பத்தொன்று ஆயிற்று. அவள் விரல் எழுந்தது. யாரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை, எட்டு மாதப் பழக்கத்தில் அதுவாகவே போய் மைக் பொத்தானின் மேல் உட்கார்ந்தது. அழுத்தினால் போதும். மணல் தீரும். மௌனம் என்று ஒரு வார்த்தை. காகிதத்தைப் பிரிப்பார்கள், ஏதோ ஒரு பெயர் இருக்கும், வாத்தியார் ஆட்டம் முடிந்தது என்பார். அந்த அக்கா தாழ்ப்பாள் போட்ட முகத்தோடு வீட்டைக் காலி செய்துகொண்டு போவாள், மிச்ச ஆயுள் முழுக்க ஒரு பிற்பகல் தூக்கத்தைச் சுமந்துகொண்டு.

"எக்ஸ்ரே?" என்றார் வாத்தியார். "உன் முறைம்மா."

அவள் விரலை எடுத்தாள். ஹெட்போனைக் கழற்றினாள். சத்தம் இப்போது லேப்டாப்பிலிருந்தே வந்தது, அந்த அறையின் மின்விசிறி கரகரவென்று சுற்றுகிற சத்தம். எழுந்துபோய் ஜன்னல் தாழ்ப்பாளை நீக்கினாள். மழையில் ஊறிய கதவு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் தள்ளினாள். திறந்துகொண்டது.

"என்னம்மா ஆச்சு? எங்க போயிட்ட?" என்றான் பேக்கரி, காலி நாற்காலியைப் பார்த்து.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். மைக்குக்குப் பக்கத்தில், கேமராவுக்கு நேரே. எதுவும் சொல்லவில்லை. மணலைப் பார்த்தாள். பாதி இறங்கியிருந்தது.

ரயில் ஊதியது.

முதலில் அவள் ஜன்னல் வழியாக, திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஒரு இமைப்பொழுது கழித்து லேப்டாப்பிலிருந்து வந்தது. திரையில் அந்த அக்கா, வழக்கமாகக் கேட்கிற சத்தம்தான் என்பதுபோல, தன் ஜன்னல் பக்கம் பாதி திரும்பினாள். திரும்பினவள் அப்படியே இருந்தாள். அதே ஊதல் இன்னொரு தடவை, தன் முதுகுப் பக்கமிருந்து, மேசை மேலிருந்து வந்துகொண்டிருந்தது. மெல்ல, மிக மெல்ல, முகத்தைத் திரைக்குத் திருப்பினாள்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். பேக்கரியின் கையிலிருந்து தொப்பி விழுந்தது.

வண்டி கேட்டைத் தாண்டத் தொடங்கியது. இங்கே ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. அங்கே, அக்காவின் தலைக்குப் பின்னால், நாலாய் மடித்த காகிதம் சுவரில் நடுங்கியது. டேப்பின் இன்னொரு முனையும் மெதுவாகப் பிரிந்துகொண்டிருந்தது. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தபடி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மணல் இன்னும் தீரவில்லை.